கழற்றிப் பூட்டுதலும் திருத்துதலும்

கைத்தொலைபேசியின் சிறு திரையிலே ஒரு மணிக்கூடு சிதறிக் கிடக்கின்றது. பற்சில்லுகள், விற்சுருள்கள், திருகாணிகள், செந்நிறக் கற்கள், முட்கள் என அதன் உறுப்புக்கள் யாவும் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. விளையாடுபவர் அவற்றை ஒவ்வொன்றாக விரலால் இழுத்து உரிய இடத்திற் பொருத்துகின்றார். இடம் சரியெனின் உறுப்பு மெல்லிய ஓசையுடன் அமர்ந்துவிடுகின்றது. பிழையெனின் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடுகின்றது. இறுதித் திருகாணியும் பூட்டப்பெற்றதும் முட்கள் ஓடத் தொடங்குகின்றன, பாராட்டு மின்னுகின்றது, அடுத்த மணிக்கூடு வந்து சேர்கின்றது. கழற்றிப் பூட்டும் இவ்வகைப் புதிர் விளையாட்டுக்கள் இன்று பலவாகப் பெருகியுள்ளன. 2019 ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த அஸ்டூ கேம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘அசெம்பிள் வித் கெயார்’ என்னும் விளையாட்டிலே, மரியா என்னும் பழம்பொருள் திருத்துநர் ஓர் ஊருக்கு வந்து, அவ்வூரவரின் புகைப்படக் கருவி, ஒலிநாடாக் கருவி முதலியவற்றைக் கழற்றிப் பூட்டிக் கொடுக்கின்றாள். பொறிமுறை மணிக்கூடு இத்தகைய விளையாட்டுக்களுக்கு மிகவும் உகந்த பொருளாகும். சிறியதொரு பெட்டிக்குள் அத்துணை உறுப்புக்களைக் கொண்ட பிறிதொரு பொருளைக் காண்டல் அரிது.

இவ்விளையாட்டுக்கள் குறித்துக் கற்றோரிடையே இருவகைக் கருத்துக்கள் நிலவுகின்றன. மனனக் கல்விக்கு மாற்று மருந்து இதுவே என்றும், செய்து கற்றல் என்னும் கொள்கை கையடக்கமாக வந்து வாய்த்துவிட்டது என்றும் புகழ்வர் ஒரு சாரார். மாணவரின் பொழுதைத் தின்னும் பேய் இது என்று இகழ்வர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுக்களும் ஆராயாது சொல்லப்படுவன. இகழ்வோர் தம் கடனை மறந்தவர். புகழ்வோர் கல்வி யாதென்பதையே மறந்தவர்.

முதற்கண் இகழ்வோரை நோக்குவோம் எனின், அவர்கள் விடை கூறவேண்டிய வினா ஒன்றுண்டு. உயர்தர வகுப்பிலே பௌதிகவியல் பயிலும் மாணவன் எளிய இசை இயக்கத்தின் சமன்பாட்டைத் தவறின்றி எழுதுகின்றான். தன் பாட்டனாரின் கையிலே அச்சமன்பாடு நாள் முழுவதும் துடித்துக்கொண்டிருந்ததை அவனுக்குக் காட்டியவர் யார்? வாவிக்கரையின் வடகோடி முதற் கல்முனை வரை எத்தனை வகுப்பறைகளில் ஒரு பழைய மணிக்கூட்டின் பின்மூடி திறந்து காட்டப்பட்டது? பாடசாலை திறக்காத மூடியை விளையாட்டுத் திறந்தது. அந்த அளவில் அது செய்தது நன்றே. திரையினால் எதனையும் கற்பிக்க முடியாது என்பதும் உண்மையன்று. 2022 ஆம் ஆண்டில் பார்டோஷ் சியஹனோவ்ஸ்கி என்பார் பொறிமுறை மணிக்கூடு பற்றி இணையத்தில் வெளியிட்ட அசையும் படங்களுடன் கூடிய விளக்கம், அதன் ஒவ்வோர் உறுப்பும் எதற்காக அவ்விடத்தில் உள்ளது என்பதைப் பாடநூல் பலவற்றினும் தெளிவாகக் காட்டுகின்றது. ஆகவே குற்றம் திரையின் மேலதன்று. திரை எதனைக் காட்டுகின்றது, எதனை மறைக்கின்றது என்பதே கேள்வி.

மணிக்கூட்டின் செயலைச் சுருங்கக் கூறுதல் ஈண்டு வேண்டற்பாலது. சாவி கொடுக்கும்போது சுருண்டு இறுகும் பிரதான வில் தன் விசையைப் பற்சில்லுத் தொடருக்கு ஈகின்றது. அவ்விசை கட்டின்றி வெளியேறுமாயின் முட்கள் சிறு பொழுதிற் சுழன்று ஓய்ந்துவிடும். ஆதலின் தொடரின் ஈற்றிலே ஒரு கவைக்கோல் நின்று, ஒவ்வொரு தடவையும் ஒரு பல்லை மட்டும் விடுவிக்கின்றது. அக்கவைக்கோலுக்கு ஆணையிடுவது சமநிலைச் சில்லு. அதனை இருபுறமும் ஊசலாடச் செய்வது மயிரிழை போன்ற நுண்வில். இச்சுருள் நுண்வில்லை மணிக்கூட்டிற் புகுத்தியவர் ஒல்லாந்து நாட்டு அறிஞர் கிறித்தியான் ஹைகன்ஸ், ஆண்டு 1675. மணித்தியாலத்துக்கு 18,000 தடவை துடிக்கும் மணிக்கூடு ஒரு நாளில் 4,32,000 தடவை துடிக்கின்றது. வெப்பம் மாறினால் வில்லின் மீள்தன்மை மாறும், நேரமும் பிழைக்கும். இக்குறையைப் பெரிதும் தீர்த்த உலோகக் கலவைகளைக் கண்டறிந்தவர், மணிக்கூட்டுத் தொழிற் குடும்பத்திற் பிறந்த சாள்ஸ் எதுவார் கியோம். அவருக்கு 1920 ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. மணிக்கூட்டுத் தொழிலின் நாளாந்தச் சிக்கலொன்று பௌதிகவியலின் மிகவுயர்ந்த பரிசு வரை சென்றது என்பது கருதத்தக்கது.

இனி, புகழ்வோரின் கூற்றைச் சோதிப்போம். விரைந்தோடும் மணிக்கூடு ஒன்று திருத்துநரின் மேசைக்கு வருகின்றது. அவர் மூடியைத் திறந்து உருப்பெருக்கியை விழிக்குழியிற் பொருத்தி நோக்குகின்றார். உறுப்புக்கள் யாவும் உள, யாவும் உரிய இடத்திலே உள, ஒன்றேனும் உடையவில்லை. ஆயினும் மணிக்கூடு நாளொன்றுக்குப் பல நிமிடங்கள் முந்துகின்றது. காரணம் என்னை? ஒலிபெருக்கி போன்ற காந்தமுள்ள பொருளின் அருகே அது வைக்கப்பட்டிருக்கலாம். காந்தமேறிய நுண்வில்லின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வில்லின் பயன்படு நீளம் குறையும், ஊசலாட்டம் விரையும். அன்றி, எண்ணெய்த் துளியொன்று சுருள்களிற் படிந்து அதே விளைவைத் தந்திருக்கலாம். காந்தமாயின் காந்தம் நீக்கவேண்டும், எண்ணெயாயின் கழுவவேண்டும். எதுவென அறிவது எங்ஙனம்? ஐயுற்று, ஊகித்து, சோதித்து, ஊகம் பொய்த்தால் மீண்டும் ஊகித்தே அறிதல் வேண்டும். விஞ்ஞான முறை என்று விரிவுரை மண்டபங்களிற் பேசப்படுவது இதுவன்றிப் பிறிதில்லை.

விளையாட்டிலோ இந்த மணிக்கூடு ஏற்கெனவே வெற்றி பெற்ற மணிக்கூடு. எல்லா உறுப்பும் உரிய இடத்தில் இருக்கின்றன; ஆகவே பாராட்டு மின்னும்; அடுத்த கட்டம் திறக்கும். எந்த இடத்திலே திருத்துநரின் அறிவு தொடங்குகின்றதோ, அந்த இடத்திலே விளையாட்டு முடிந்துவிடுகின்றது. இதனை மறைத்து, விளையாட்டினாற் பொறிமுறை அறிவு கைவந்துவிட்டது என்று கூறுவது, படம் பார்த்துப் பசியாறினேன் என்பதை ஒக்கும்.

விளையாட்டிலே இல்லாதவை இன்னும் பல. அங்கே தூசு இல்லை, துரு இல்லை, இடுக்கியிலிருந்து தெறித்துப் பறந்த வில்லைத் தேடித் தரையில் தவழும் துன்பம் இல்லை. மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. கடலோடு கலக்கும் உவர்நீர் வாவி. அதற்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்திலே நெருங்கி வாழும் மக்களின் பொருள்கள் யாவும் உப்புக் காற்றைச் சுவாசிப்பன. வள்ளத்தில் வலை வீசும் கையிலும் வயலில் நாற்று நடும் கையிலும் கட்டப்படும் மணிக்கூடு, குளிரூட்டிய காட்சிப் பெட்டியிலிருக்கும் மணிக்கூடு அன்று. வியர்வையும் உவர்நீரும் உட்புகும். எண்ணெய் தடித்துப் பசையாகும். உருக்கு அச்சு துருவேறும். உதிரிப் பாகம் கிடையாதவிடத்துப் பழுதான இரண்டு மணிக்கூடுகளிலிருந்து ஓடும் ஒன்றை ஆக்கிக்கொள்ள நேரும். உறுப்பு இல்லாதபோது என்செய்வது என்பதே வறிய நாட்டுத் திருத்துநரின் முதற் பாடம். உறுப்புக்கள் யாவும் முன்னரே தரப்படும் விளையாட்டு, செல்வர் நாட்டின் கனவை வறியவர் கையில் வைக்கின்றது.

ஆயினும் இவ்விளையாட்டைக் கண்டிப்பதோடு நின்றுவிடுவது எளிது, நேர்மையன்று. ஏனெனில் இவ்விளையாட்டின் இலக்கணம் முழுவதும் கல்விமுறையிலே முன்னரே உள்ளது. வினாக்கள் தரப்படுகின்றன, அவற்றுக்கு வேண்டிய தரவுகள் யாவும் தரப்படுகின்றன, தேவையற்ற தரவு ஒன்றேனும் இல்லை, சரியான விடை ஒன்றே உளது, அது முன்னரே ஒருவரால் அறியப்பட்டுள்ளது. பொருத்தினால் புள்ளி, பொருந்தாவிடின் புள்ளி இல்லை, கட்டம் முடிந்தால் அடுத்த கட்டம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் முதற் பட்டமளிப்பு விழா வரை மாணவன் விளையாடுவது இந்த விளையாட்டையே. தொலைபேசியிலுள்ளதாவது இன்பம் தருகின்றது. பின்னதைக் கண்டித்து முன்னதைப் போற்றும் ஆசிரியர், தம் உருவையே கண்ணாடியிற் கண்டு சினப்பவர்.

தமிழ் வழக்கிலே ‘திருத்துதல்’ என்னும் சொல் மணிக்கூட்டுக்கும் உரியது, விடைத்தாளுக்கும் உரியது. மணிக்கூட்டைத் திருத்துபவர் பிழைக்குரிய காரணத்தைக் கண்டு அதனை நீக்கியே கூலி பெறுகின்றார். விடைத்தாளைத் திருத்துபவரோ பிழையின் மேற் கோடிட்டுப் புள்ளியைக் கழித்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டுகின்றார். பிழை பிழையாகவே மாணவனிடம் எஞ்சுகின்றது. எது திருத்தம்? இன்னுமொன்று: பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பெற்றவனுக்கு மாலை சூட்டப்படுகின்றது. நூற்றில் ஒரு பங்கு பிழைக்கும் மணிக்கூடு நாளொன்றுக்குப் பதினான்கு நிமிடங்களுக்கு மேல் பிழைக்கும். அதனை எவரும் கையிற் கட்டார். நாளொன்றுக்கு முப்பது செக்கன் பிழைக்கும் எளிய மணிக்கூடும், 86,400 செக்கன்களில் 86,370 ஐச் சரியாகக் காட்டுகின்றது. இத்துணை நுண்மையைக் கைவேலையில் எய்துபவர் ‘படியாதவர்’ எனப்படுகின்றார். அப்பெயரைச் சூட்டுபவர் யார் என்பது சிந்திக்கத்தக்கது.

‘மணிக்கூடே வழக்கொழிந்துவிட்டது, அதன் திருத்துநருக்காக ஏன் அழவேண்டும்?’ என்று வினவுவோர் உளர். வரலாறு அவர்களுக்குச் சார்பானதாகவே தோன்றும். 1969 டிசம்பர் 25 இல் யப்பானின் செய்க்கோ நிறுவனம் படிகக் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை அதிரும் படிகத்தின் முன், செக்கனுக்கு ஐந்து தடவை துடிக்கும் சமநிலைச் சில்லு தோற்றது. 1970 இல் ஏறத்தாழ 90,000 ஆக இருந்த சுவிற்சர்லாந்து மணிக்கூட்டுத் தொழிலாளர் தொகை 1980களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 30,000 ஆகச் சுருங்கியது. இந்தியாவிலே எச்.எம்.டி. நிறுவனம் யப்பானின் சிற்றிசன் நிறுவனத்துடன் கூடி 1961 இல் பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கிற்று. 2016 இல் அதன் கடிகாரப் பிரிவை மூட இந்திய அரசு முடிவு செய்தது. டாட்டா நிறுவனமும் தமிழ்நாட்டு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984 இல் தொடங்கிய டைட்டன், ஒசூரிலே படிகக் கடிகாரங்களையே பெரிதும் செய்து வளர்ந்தது.

இவை யாவும் உண்மை. ஆயின் வினா மணிக்கூட்டைப் பற்றியதன்று. மூடியைத் திறக்கும் துணிவைப் பற்றியது. மணிக்கூட்டைப் பூட்டும் விளையாட்டு நிகழ்வது எக்கருவியில்? பசையால் ஒட்டி மூடப்பட்ட, உடையவனே திறந்தால் உத்தரவாதம் இழக்கக்கூடிய கைத்தொலைபேசியில். திறக்கலாகாத பெட்டிக்குள் திறந்த மணிக்கூட்டின் படத்தை வைத்து மகிழ்விப்பதிலுள்ள நகை, விளையாடுவோருக்குப் புலப்படவில்லை போலும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் பொருள்களைத் திருத்துவிக்கும் உரிமை பற்றிச் சட்டம் ஆக்கவேண்டியிருந்தது. செல்வ நாடுகளே இவ்வுரிமைக்காக வாதாடும்போது, இறக்குமதியில் தங்கியுள்ள சிறு நாடு வாளாவிருத்தல் தகுமோ? 2022 இல் அந்நியச் செலாவணி வற்றி எரிபொருளுக்கு மக்கள் நீண்ட வரிசையில் நின்றபோது, மூலையிற் கிடந்த துவிச்சக்கர வண்டிகள் மீண்டும் வீதிக்கு வந்தன. அவற்றை ஓடச் செய்தவை பட்டச் சான்றிதழ்கள் அல்ல, கறைபடிந்த கைகள்.

கையைத் தாழ்த்தி மூளையை உயர்த்தும் இந்நோக்கு எங்கிருந்து வந்தது? தமிழர் இதனைக் குடியேற்ற ஆட்சியின் எழுதுவினைஞர் கல்வியின் மேல் மட்டும் சுமத்தித் தப்பிவிடல் இயலாது. கருமானையும் தச்சனையும் வண்ணானையும் படிக்குக் கீழே நிறுத்திய சாதி ஒழுங்கு அதற்கு முந்தியது. பழம்பெருமை பேசுவோர், முல்லைப்பாட்டிலே நீர்க் கன்னலைக் கொண்டு பொழுதளந்த நாழிகைக் கணக்கர் குறிக்கப்படுவதை மேடைதோறும் எடுத்துரைப்பர். நன்று. ஆயின் அந்த நாழிகை வட்டிலுக்கு இம்மியும் பிசகாது துளையிட்ட கம்மியன் எவன் என்று அவர்கள் கேட்பதில்லை. பெருமை கணக்கருக்கு, துளையிட்டவனுக்கோ பெயரும் இல்லை. நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம் எனும் அளவு அத்துளையின் நுண்மையிலேதான் தங்கியிருந்தது.

மேலைத் தேயத்திலும் இக்குறை இருந்ததே. கடலிலே நெடுங்கோட்டைக் கணிக்கும் வழிகாண்பார்க்கு இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1714 இல் பெரும் பரிசு அறிவித்தது. வானியலறிஞர் பலர் விண்ணையே நோக்கியிருக்க, தச்சுத் தொழில் பயின்ற ஜோன் ஹரிசன் என்பவர் 1759 இல் நிறைவேற்றிய கடற்கடிகாரம் அவ்வழியைக் காட்டிற்று. யமேக்காவை நோக்கிய 1761–62 கடற்பயணத்திலே அது பிழைத்தது சில செக்கன்களே. எனினும் கற்றோர் குழு அவரை ஆண்டுக்கணக்காக அலைக்கழித்தது. 1773 இல் பாராளுமன்றம் தலையிட்ட பின்னரே எஞ்சிய பெருந்தொகை அவருக்குக் கிட்டியது. அப்போது அவருக்கு வயது எண்பது.

வாவிக்கரையிலே கைத்திறனைக் கல்வியாக மதித்த முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. இயேசு சபைத் துறவியர் மட்டக்களப்பிலே நடத்திய கிழக்குத் தொழினுட்ப நிறுவனம் அவற்றுள் ஒன்று. அதன் பொறுப்பாளராக இருந்த அமெரிக்கத் துறவி யூஜின் ஹேபியர் அடிகளார் 1990 ஆகஸ்ட் 15 இல், வன்முறை உச்சமுற்றிருந்த நாள்களில், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியிற் காணாமற்போனார். போர் தின்றது மனிதரை மட்டுமன்று. கையிலிருந்து கைக்குச் செல்லவேண்டிய அறிவின் தொடரையும் அது அறுத்தது. 2013 இல் உயர்தர வகுப்பிலே தொழினுட்பப் பிரிவு புகுத்தப்பட்டமை வரவேற்கத்தக்கது. ஆயின் அதுவும் வினாத்தாளுக்கு விடை பொருத்தும் விளையாட்டாகச் சுருங்குமாயின், பெயர் மாறியதன்றிப் பொருள் மாறியதாகாது.

வாவியே இதற்குச் சான்று பகரும். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைக்கின்றது. மாரியில் வெள்ளம் பெருகும்போது அதனை வெட்டவேண்டும். முந்தி வெட்டினால் வாவி வடிந்து உவர் புகும். பிந்தி வெட்டினால் வயலும் வீடும் அமிழும். உழவர் விரும்பும் நாள் வேறு. மீனவர் விரும்பும் நாள் வேறு. விரலால் இழுத்துப் பொருத்தினால் ஓசையுடன் அமரும் விடை இங்கு இல்லை. இத்தகைய நிலத்துக்குப் பழுதின் காரணத்தைத் தேடத் தெரிந்த பட்டதாரிகள் வேண்டும். தரப்பட்டதைப் பொருத்தத் தெரிந்தவர் போதார்.

அத்தகைய அறிஞர் ஒருவரை இந்த வாவிக்கரை முன்னரே தந்துள்ளது. காரைதீவிலே 1892 இற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், தமிழ்ப் பேராசிரியராவதற்கு முன்னர் 1916 இல் கொழும்பிலே விஞ்ஞானத்தில் டிப்ளோமாப் பெற்ற விஞ்ஞான ஆசிரியர். அவர் எடுத்துக்கொண்ட கருவி யாழ். அதன் உறுப்பு ஒன்றேனும் எஞ்சியிருக்கவில்லை. சரியான விடையை அறிந்தவர் எவரும் இருக்கவில்லை. எஞ்சியவை பண்டைய நூல்களிலும் உரைகளிலும் சிதறிய சொற்களே. அவற்றை ஐயுற்று, ஒப்பிட்டு, இசைச் சுருதிகளைக் கணிதத்தால் அளந்து, ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் உழைத்து, 1947 இல் யாழ் நூலை அரங்கேற்றினார். தம் பெயரைச் சொல்லும் விழாக்களிலே மாலைகள் குவிவதை அவர் விரும்புவாரோ, ஒரு மாணவன் பழுதான கருவியொன்றைத் திறந்து காரணம் தேடுவதை விரும்புவாரோ என்பது அவர் வழிவந்தோர் தம் நெஞ்சைக் கேட்கவேண்டிய வினா.

செய்யத்தக்கவை எளியனவே. முதலாம் ஆண்டு விஞ்ஞான, தொழினுட்ப மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஓடாத மணிக்கூடு ஒன்று தரப்படல் வேண்டும். ஓடாமைக்குக் காரணம் ஆசிரியருக்கும் தெரியாததாக இருத்தல் நன்று. புள்ளி, மணிக்கூடு ஓடியதற்கன்று. மாணவன் ஊகித்தவற்றையும் அவை பொய்த்த வகையையும் எழுதிவைத்த குறிப்பேட்டுக்கு வழங்கப்படல் வேண்டும். நகரின் மணிக்கூட்டுத் திருத்துநர் விருந்தாளியாக அன்று, ஊதியம் பெறும் போதனாசிரியராக அழைக்கப்படல் வேண்டும். தமிழ்த்துறைக்கும் இதிற் பங்குண்டு. கலைச்சொற்கள் குழு அறைகளிலே ஆக்கப்பட்டன; தொழிற்சொற்களோ வேலை மேசையிற் பிறந்து, பேசுவோருடன் மறைகின்றன. அவற்றைத் திரட்டுதல் நாட்டார் பாடலைத் திரட்டுவதற்கு எவ்வகையிலும் குறைந்த பணியன்று.

இதனிடையே மாணவர் விளையாடட்டும், அதனைத் தடுப்பாரில்லை. ஆயின் திரையிலே முட்கள் ஓடத் தொடங்கும்போது, கற்க வேண்டியது இனிமேல்தான் உளது என்று அவர்களுக்குச் சொல்ல ஒருவர் வேண்டும். அங்ஙனம் சொல்லும் தகுதியைப் பல்கலைக்கழகம் முதலில் தன்னைத் திருத்திக்கொண்டே பெறுதல் இயலும்.